தோற்றவர் தேடிய துணை

கிழக்காசிய நாடுகளிலே பன்னெடுங்காலமாக ஆடப்பட்டுவரும் ஆட்டம் ஒன்று உண்டு. சீனர் அதனை வெய்ச்சி என்பர். யப்பானியர் இகோ என்பர். கொரியர் பாடுக் என்பர். குறுக்கும் நெடுக்குமாகப் பத்தொன்பது கோடுகள் வரைந்த பலகையில், அக்கோடுகள் சந்திக்கும் 361 இடங்களில், ஒருவர் கறுப்புக் கல்லும் மற்றவர் வெள்ளைக் கல்லும் மாறிமாறி வைப்பர். வைத்த கல் இடம் பெயர்வதில்லை. முற்றாகச் சூழப்பட்டால் மாத்திரமே அகற்றப்படும். கூடுதலான இடத்தை வளைத்துக்கொண்டவரே வென்றவர். விதிகள் எளியவை. ஆயினும் பலகையில் அமையக்கூடிய நிலைகளின் தொகையை எழுதப் புகின் 171 இலக்கங்கள் வேண்டும்.

பண்டைச் சீனத்திலே கற்றோர்க்குரிய நாற்கலைகளுள், இசை, எழுத்தணி, ஓவியம் ஆகியவற்றோடு இவ்வாட்டமும் எண்ணப்பட்டது. அதற்கேற்ற பண்பொன்றும் இதனிடத்து உண்டு. ஆட்டம் முடிந்தபின் வென்றவரும் தோற்றவரும் அதே பலகையில் அதே கற்களை முதலிலிருந்து மீண்டும் வைத்து, பிழை எங்கே நேர்ந்தது என்று சேர்ந்து ஆராய்வர். கொரியர் இதனைப் பொக்கி என்பர். சற்று முன்னர் எதிரிகளாய் இருந்த இருவர் அங்கே உடன்மாணாக்கர் ஆகிவிடுகின்றனர்.

2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் சியோல் நகரிலே இவ்வழக்கத்துக்கு ஒரு சோதனை நேர்ந்தது. தீவொன்றிலே பிறந்து, தந்தையாரிடம் ஆட்டம் பயின்று, 12ஆம் வயதிலேயே தொழில்முறை ஆட்டக்காரரான லீ செடோல், அல்பாகோ என்னும் கணினி நிரலோடு ஐந்து ஆட்டங்கள் ஆடினார். அந்நிரலை ஆக்கியது இலண்டனிலுள்ள டீப்மைண்ட் நிறுவனம். இணையத்திலே தேர்ந்த ஆட்டக்காரர் ஆடிவைத்த ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட ஆட்டங்களை முதலிற் கற்று, பின்னர் தன்னோடு தானே ஆடி அது வலிமை பெற்றிருந்தது.

லீயின் எதிரில் ஒரு மனிதர் இருந்தார். ஆனால் அவர் கணினி காட்டிய இடத்திலே கல்லை வைப்பவர் மாத்திரமே. ஆட்டம் முடிந்ததும், அவ்விடத்தில் ஏன் வைத்தீர் என்று அவரை வினவிப் பயனில்லை. இரண்டாம் ஆட்டத்திலும் தோற்ற லீ, அன்றிரவு தம் அறையிலே சக ஆட்டக்காரர் சிலரோடு கூடி, நெடுநேரம் அவ்வாட்டத்தை ஆராய்ந்தார். பொறியிடம் கிடையாத துணையை அவர் மாந்தரிடம் தேடிக்கொண்டார்.

மூன்றாம் ஆட்டமும் கைவிட்டுப் போயிற்று. இது தமது தோல்வியேயன்றி மனித குலத்தின் தோல்வியன்று என்று அவர் கூறினார். மார்ச் 13ஆம் நாள் நடந்த நான்காம் ஆட்டத்தில் அவர் வைத்த 78ஆவது கல் நிரலைத் தடுமாறச் செய்தது, வெற்றி அவருடையதாயிற்று. கூடியிருந்த செய்தியாளர் கைதட்டி ஆர்ப்பரித்தனர். ஐந்தாம் ஆட்டத்தில் அல்பாகோ வென்று, நான்குக்கு ஒன்று என்ற கணக்கிலே போட்டி முடிந்தது. 2019இல் லீ ஆட்டத்தினின்றும் ஓய்வு பெற்றார். தாம் முதலிடம் எய்தினாலும், வெல்ல முடியாத ஒன்று உண்டு என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று.

ஆட்டமோ ஓயவில்லை. இளையோர் இன்று அத்தகைய நிரல்களிடமே பாடம் கேட்கின்றனர். இணையத்தின் வழியே முகமறியாத இருவர் நாடுகடந்து ஆடுகின்றனர். இது பெரும் பேறே. எனினும் அங்கே தோற்றவர் ஒரு பொத்தானை அழுத்தி மறைந்துவிடுதல் எளிது. நல்ல இடம் எது என்பதை நிரல் உடனே காட்டிவிடும். ஆனால் தோற்றவரின் மனநிலை அறிந்து, வென்றவர் ஒவ்வொரு கல்லாக அவரோடு மீண்டும் வைத்துப் பார்க்கும் பொழுதை அதனால் அளிக்க இயலாது. வலிமையில் முதலிடம் பொறிக்குப் போய்விட்டது. அப்பொழுதைக் காத்துக்கொள்வதும் கைவிடுவதும் மாந்தர் கையிலேயே உள்ளன.