கூழ் கப்பலேறுகிறது, காய் தோப்பில் அழுகுகிறது!
(பர்கூர் பொதுக்கூட்ட உரை)



ஒரே சரக்கைச் செய்யும் ஆலைகளை ஒரே வட்டாரத்தில் சேர்த்தால் ஏற்றுமதி பெருகும், அந்நியச் செலாவணி குவியும் என்கிறார்கள். ஏற்றுமதி பெருகட்டும், நாம் எதிர்க்கவில்லை. அந்தப் பணம் யார் வீட்டுக்குப் போகிறது என்றுதான் கேட்கிறோம்.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் பாருங்கள். பெங்களூரா மாங்காய் இங்கே விளைகிறது. இங்குள்ள ஆலைகளே அதைக் கூழாக்கி அடைத்து, அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகின்றன. தோப்பு, மண்டி, ஆலை எல்லாம் அருகருகே இருக்கின்றன. ஆயினும் 2025 ஜூனில் நடந்தது என்ன? ஆலைகளில் பழைய கூழ் தேங்கிற்று. கொள்முதல் சுருங்கிற்று. காயின் விலை கிலோ 5 ரூபாய் அளவுக்கு விழுந்தது. பறிகூலிக்கும் வண்டிக் கூலிக்குமே அது கட்டுமா? காயைப் பறிக்காமல் விட்டால் கூலியாளுக்கு ஏது வேலை? ஆலை ஓடாவிட்டால் சீசன் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஏது சம்பளம்?

எல்லைக்கு அப்பால் சித்தூரிலும் அதே காய், அதே வீழ்ச்சி. அங்கே ஆந்திர சர்க்கார் கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது: ஆலை 8, சர்க்கார் 4. ஜூலையில் மத்திய சர்க்காரும் உதவித் தொகையில் பங்கேற்க இசைந்தது. ஆகவே, 'எல்லாம் சந்தையின் செயல்' என்று கைவிரிக்கும் பேச்சு இனிச் செல்லாது!

இத்தாலியின் மோடனா நகரத்தைப் பாருங்கள். கம்யூனிஸ்ட் மேயர் கொரஸ்ஸோரியின் காலத்தில், 1953-ல், நகரசபையே நிலத்தை மனைகளாகப் பிரித்துச் சிறு பட்டறைகளுக்கும் வேலையிழந்த தொழிலாளருக்கும் கொடுத்தது. பட்டறைக்காரர்கள் கணக்கெழுதவும் கடனுக்கு ஜாமீன் நிற்கவும் சங்கம் கண்டனர். இன்று அந்த வட்டாரத்து இயந்திரமும் தரை ஓடும் பின்னலாடையும் உலகெங்கும் விற்கின்றன. அங்கே கட்டடங்கள் மட்டும் கூடவில்லை, உழைப்பவரும் கூடினார்கள்.

நம் கோரிக்கைகள் மூன்று. சீசனுக்கு முன்பே விவசாயி, ஆலை, சர்க்கார் மூவரும் அமர்ந்து விலையை நிர்ணயிக்க வேண்டும். பர்கூர் வட்டாரத்தில் கூட்டுறவுக் கூழ் ஆலையும் குளிர்பதனக் கிடங்கும் வேண்டும். சீசன் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் பெயரும் சட்டப்படியான கூலியும் வேண்டும்.

'மாங்காய் விலை எனக்கென்ன?' என்று ஓசூர் ஆலைத் தொழிலாளி இருந்துவிட முடியாது. தோப்பில் வேலையிழந்தவர்தான் நாளை அதே ஆலை வாசலில் குறைந்த கூலிக்கு நிற்பார். அப்போது இருவர் கூலியும் விழும்!

தோழர்களே! ஊர்தோறும் கூடுங்கள். அடுத்த காய் பழுக்குமுன் விலையைப் பேசி முடிப்போம்!