சிவப்பு விளக்கு எரிந்தால் ஒலியைக் குறையுங்கள்
(நிகழ்ச்சிகளில் ஒலியமைப்பைக் கவனிக்கும் தொண்டூழியர்களுக்கான உரை)



நான் ஒலிப் பொறியாளர் அல்லள், மொழிபெயர்ப்பாளர். ஆனால், உறவினர் திருமணம் ஒன்றில் ஒலிபெருக்கிக்கு அடுத்த மேசையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மறுநாள் மாலைவரை காதில் இரைச்சலோடு இருந்தவள். அன்று நாதஸ்வரமும் தெளிவாகக் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்த அத்தை பேசியதும் கேட்கவில்லை. எல்லாம் ஒரே கரகரப்பு.

அது ஏன் வருகிறது? ஆம்ப்ளிஃபையருக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டித் திருகினால் ஒலி அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். 'கிளிப்' என்று எழுதியுள்ள சிவப்பு விளக்கு அதைத்தான் சொல்கிறது. (இதற்கு நல்ல தமிழ் தேடி 'முகடு வெட்டு' வரை போனேன், கடைசியில் 'சிவப்பு விளக்கு' என்றே விட்டுவிட்டேன்.) எப்போதாவது மினுக்கினால் பரவாயில்லை. விடாமல் எரிந்தால் உடனே குறையுங்கள். இல்லாவிட்டால், பெட்டியில் உள்ள சிறிய ஒலிபெருக்கி கருகிவிடலாம்.

பின்வரிசையில் கேட்கவில்லை என்றதும் முன்னால் உள்ள பெட்டியைக் கூட்டுகிறோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும். ஆம்ப்ளிஃபையரின் சக்தியை இரட்டிப்பாக்கினாலோ 3 டெசிபெல்தான் கூடும். ஆகவே, பாதி தூரத்தில் இன்னொரு ஜோடிப் பெட்டிகளைக் குறைந்த ஒலியில் வையுங்கள். தலைக்கு மேல் உயர்த்தி வைத்தால் இன்னும் நல்லது. முன்வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டிகளும் பிள்ளைகளும்தானே!

85 டெசிபெல் ஒலியில் நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது வேலையிடத்துக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் 15 நிமிடம்தான். அதுவும் பெரியவர்களுக்கு, மடியில் இருக்கும் குழந்தைக்கு அல்ல. உட்காதில் சேதமடைந்த நுண்முடி உயிரணுக்கள் மீண்டும் வளர்வதில்லை.

ஒலிவாங்கியுடன் பெட்டிகளுக்கு முன்னால் நிற்காதீர்கள், கீச்சிடும். ஆம்ப்ளிஃபையரைக் கடைசியாகத் திறந்து முதலில் அடையுங்கள். ஈரத்தரையில் மின்கம்பி கிடக்க விடாதீர்கள். மூன்று முனைச் செருகியின் நில இணைப்பைத் துண்டித்து இரைச்சலைப் போக்கும் 'வித்தை' உயிருக்கே ஆபத்து.

இப்போது எல்லாரும் எழுந்து முதல் வரிசைக்கு வாருங்கள். உங்கள் கைப்பேசியின் ஒலிமானி துல்லியமாக இராது, ஆனாலும் திறந்து வையுங்கள். வழக்கமாக வைக்கும் அளவிலேயே ஒரு பாட்டைப் போடுகிறேன்.