ஓட்டிசம் உடைய மாணவரும் உயர்கல்வியும்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய உரை)



ஓட்டிசம் என்றதும் நம்மவர் பலருக்குச் சிறு குழந்தையின் ஞாபகமே வருகின்றது. அக்குழந்தையும் வளர்ந்து, பரீட்சையிற் சித்தியெய்திச் சர்வகலாசாலைக்குச் செல்லக்கூடும் என்பதை நாம் நினைப்பதில்லை. 1943ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் லியோ கானர் இதுபற்றி எழுதிய பெயர்பெற்ற கட்டுரையும் 11 பிள்ளைகளைப் பற்றியதே. நமது எண்ணமும் பிள்ளைகளோடு நின்றுவிட்டது போலும்!

இது தொற்றும் நோயன்று; வளர்ப்பின் பிழையுமன்று; மூளை வளரும் விதத்திலுள்ள வேறுபாடு. குறிப்பாற் சொல்வதை உணர்தல் இவர்களுட் பலருக்குக் கடினம். நாம் பொருட்படுத்தாத மின்விசிறியின் இரைச்சல் சிலரை வாட்டிவிடும். ஆயினும் ஒருவரைப்போல் மற்றொருவர் இரார்.

நாம் ஆசிரியத் தொழிலில் இருந்த காலத்து நிகழ்ச்சியொன்றைச் சொல்ல வெட்கமாயிருக்கின்றது. மாணவர் ஒருவர் நம் முகத்தைப் பாராது சுவரைப் பார்த்தே விடை சொல்வார். கணக்கிற் சூரர், கட்டுரைகளையோ தவணைக்குள் ஒப்படைப்பதில்லை. “நேரமிருந்தால் வந்து பாரும்” என்றோம். அவர் வரவில்லை. அகந்தை என்று முடிவுகட்டினோம். இரண்டாம் வருடத்திற் படிப்பை விட்டு வீடு சென்றார். அவருக்கு ஓட்டிசம் என்பதைப் பல வருடங்களின் பின்னரே அறிந்தோம். நேரமிருக்கவில்லை, ஆகவே அவர் வரவில்லை. நாம் சொன்னதை அப்படியே செய்திருக்கிறார்! “வியாழன் மூன்று மணிக்கு வாரும்” என்றிருந்தால் வந்திருப்பார்.

இதற்கு மாறான சரிதையொன்றும் உண்டு. அமெரிக்காவில் 1947இற் பிறந்த டெம்பிள் கிராண்டின் அம்மையார் ஓட்டிசம் உடையவர். மாணவப் பருவத்தில், உறவினர் பண்ணையொன்றில், ஊசியேற்றுவதற்காக மாடுகளை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கூண்டைக் கண்டார். அழுத்தத்தால் சில மாடுகள் அமைதியடைவதைக் கவனித்துத் தமக்கும் ஒரு பொறி செய்துகொண்டார். அவர் பதற்றமும் தணிந்தது. மனோதத்துவம் கற்றோர் அதனை விபரீதமென்று கருதிப் பறிக்க முயன்றனர். வில்லியம் கார்லொக் என்னும் விஞ்ஞான ஆசிரியரோ, அது ஏன் அமைதி தருகிறதென்று ஆராயும்படி தூண்டினார். கல்லூரியிற் சக மாணவரைக் கொண்டே அதைப் பரிசோதித்த அவர், 1970இற் பட்டதாரியானார்; 1989இல் விலங்கு விஞ்ஞானத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார்; பின் பேராசிரியருமானார். ஆசிரியர் கொடுத்தது பணமன்று, ஒரு கேள்விதான்.

அந்நாட்டுச் சட்டப்படி, இடர்ப்படும் பிள்ளையைப் பாடசாலையே தேடிக் கண்டறிய வேண்டும். கல்லூரியிலோ மாணவரே தம் நிலையைச் சொல்லி உதவி கோரவேண்டும். பேசுவதே கடினமான ஒருவர் முதற்காரியமாகப் பேசவேண்டியிருக்கிறது! நமது நாட்டிலும், குறைபாட்டைக் காரணங்காட்டிக் கல்வி நிலையத்தில் அநுமதி மறுத்தலாகாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. அது வாசலைப் பற்றியது. உள்ளே சென்றபின் வழிமுறைகளை எழுத்தில் தரவும், நேரமாற்றத்தை முன்னரே அறிவிக்கவும், பரீட்சைக்கு அமைதியான அறையும் மேலதிக நேரமும் ஒதுக்கவும் ஒருவர் முன்வரவேண்டும்.

பெரியோர்களே, கோபியாதீர்கள். தங்கையின் கலியாணம் குழம்பிவிடும் என்று வீட்டில் மறைத்து வைத்த விஷயத்தை, அறிமுகமில்லாத விரிவுரையாளரிடம் பிள்ளை எப்படிச் சொல்வான்?

வாலிபர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் தடுக்கப்பட்ட குற்றம். விளையாட்டுக்குச் சொல்வது எது, மெய்யாகவே மிரட்டுவது எது என்று பிரித்தறிய முடியாத புதுமாணவருக்கு அந்த முதல் வாரம் எத்தகையதாயிருக்கும்? அவரோடு உணவுச்சாலைக்குக் கூடச்செல்ல ஒருவர் போதும். பேசவேண்டுமென்பதுமில்லை.

நமது வாசிகசாலையின் பின்னறை பழைய கதிரைகளோடு பூட்டிக் கிடக்கிறது. வீதியின் இரைச்சல் அங்கே கேளாது. பரீட்சைக் காலத்தில் தனியே இருந்து படிக்க விரும்புவோருக்கு அதை ஒதுக்கலாமல்லவா? திறப்பு காரியதரிசி அவர்களிடம் இருக்கிறது. இன்றைய கூட்டம் கலையுமுன் அதைக் கேட்டு வாங்க உத்தேசித்துள்ளோம்.