தழை பிரித்த வண்டுகள்

பொறிவண்டு என்றால் அசுவினியைத் தின்று பயிரைக் காப்பது என்றுதான் நினைப்போம். தழை தின்னும் கூட்டமும் அதில் உண்டு. கத்தரி இலையின் பச்சையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் புள்ளி வண்டு நம் விவசாயிகளுக்குப் பழைய பகையாளி.

அதன் உறவு ஒன்றை, 1981இல் ஜப்பானிய ஆய்வாளர் ஹருவோ கதகுரா புதிய இனமாக விவரித்தார். பெயர் யசுதோமி. முதுகில் கத்தரி வண்டைப் போலவே 28 புள்ளிகள்! இதற்கு உணவு ருயியோபொத்தான் என்ற காட்டுச்செடி. இதன் நெருங்கிய சொந்தமான நிப்போனிக்காவுக்கோ அஸமி என்ற முள் நிறைந்த செடிதான் வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் ஒன்றாக விட்டால் இரண்டும் இணையும். பிறக்கும் கலப்பு வண்டுகளும் மலடில்லை. மரபணுவிலும் பெரிய வேறுபாடு கிடையாது. பிறகு எப்படித் தனி இனம்? அவை தாம் தின்னும் செடியிலேயே துணை தேடுகின்றன. இரண்டு செடியும் அருகருகே வளரும் காட்டிலும் ஒன்று மற்றதன் வாசலை அநேகமாக மிதிப்பதில்லை. சாப்பாட்டில் இவ்வளவு வீம்பு!

மரபணுத் துணுக்கை மட்டும் வைத்து இனம் பிரிப்பவர்களுக்கு இந்த ஜோடி தலைவலிதான். எந்தச் செடியில் பிடித்தீர்கள் என்று முதலில் கேட்டாக வேண்டும்.