தேங்காயும் மாசியும்: சில மாயக் கதைகளைப் படித்தபோது



அண்மையில் படித்த சில நாவல்களைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நான் நூல்களின் பெயர்களைச் சொன்னபோது தொலைபேசியின் மறுமுனையில் ஒரு சிரிப்புக் கேட்டது. எல்லாமே நடவாத கதைகள். பூதங்கள் நடமாடும் நகரங்கள், மனிதருக்குப் பெயருக்குப் பதிலாக இலக்கம் கொடுக்கும் அரசுகள், செத்தவர்கள் வரிசையில் நிற்கும் கந்தோர்கள். மொனராகலைத் தோட்டப் பக்கம் இருந்துகொண்டு, சம்பளத்தையும் வீட்டுக் காணியையும் பற்றிப் பேச வேண்டிய வேளையில் இந்தக் கதைகள் எதற்கு என்பதுதான் அந்தச் சிரிப்பின் பொருள். குறை சொல்ல மாட்டேன். கொழும்பில் வேலை செய்யும் மகள் இந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது நானும் அப்படித்தான் சிரித்தேன்.

ஆனால் எங்கள் சனம் இந்தத் தீவுக்கு வந்ததே ஒரு மாயக் கதையை நம்பித்தான். தேயிலைச் செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்ன கங்காணிமாரின் கதையை மலையகத்தில் அறியாதவர் இல்லை. என் அப்பாயி அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அழுதுகொண்டு சொன்னதில்லை, சொன்னவனின் சாமர்த்தியத்தை மெச்சுவது போலச் சிரித்துக்கொண்டே சொல்லுவார். நான் இந்த மூன்று மாதங்களில் படித்த, கெட்டுப்போன உலகத்தைக் காட்டும் நாவல்கள் ஒவ்வொன்றிலும் முதல் அத்தியாயத்துக்கு முன்னால் இப்படியொரு தேங்காயும் மாசியும் இருக்கின்றன. யாரோ ஒருவர் எல்லாரும் சுகமாக வாழப்போகும் ஓர் இடத்தைக் காட்டியிருக்கிறார். சனம் நம்பிப் போயிருக்கிறது. நாவல் அதற்குப் பிறகு தொடங்குகிறது.

இந்த வகை நாவல்களுக்கு மூத்தது என்று சொல்லத்தக்கது ருஷ்ய எழுத்தாளர் யெவ்கெனி சம்யாத்தின் எழுதிய 'நாங்கள்'. 1920, 21 ஆம் ஆண்டுகளில் எழுதப்பட்டு, 1924 இல் நியூயோர்க்கில் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. சொந்த நாட்டில் 1988 வரை அச்சேறவில்லை. அதில் மனிதருக்குப் பெயர் கிடையாது. எழுத்தும் இலக்கமும் சேர்ந்த ஒரு குறிதான். வீடுகள் கண்ணாடியால் ஆனவை. எழுவதும் வேலைக்குப் போவதும் ஒரே நேரத்தில், ஓர் அட்டவணைப்படி. இதைப் படிக்கும் ஐரோப்பியர் ஒருவருக்கு நெஞ்சு திடுக்கிடலாம். எனக்கு விடியற்காலைப் பிரட்டுக் களம் ஞாபகத்துக்கு வந்தது. தப்படித்து எழுப்புவதும், வரிசையில் நிற்பதும், கணக்கப்பிள்ளை ஆள் எண்ணுவதும். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்குத் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரச் சீட்டைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். சாமான் பெட்டிக்கு விலாசம் ஒட்டுவது போல. சம்யாத்தின் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

நகரத்து நேயர்களுக்காக இன்னொரு சொல்லையும் விளக்க வேண்டும். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. குறித்த நிறை கொழுந்து எடுத்தால் ஒரு பேர். எடுக்கத் தவறினால் 'அரைப்பேர்'. இன்றைக்கு எனக்கு அரைப்பேர்தான் போட்டார்கள் என்று ஒரு பெண் மாலையில் வந்து சொல்லுவாள். சின்ன வயதில் நான் அதைச் சம்பளக் கணக்காகத்தான் கேட்டேன். 'நாங்கள்' நாவலை மூடி வைத்த இரவுதான் அந்தச் சொல்லில் இருக்கிற பயங்கரம் எனக்குப் பட்டது. பாதி நாள் என்று சொல்லியிருக்கலாம். பாதிப் பேர் என்றல்லவா சொல்லிவந்திருக்கிறோம்!

அடுத்தது ஜோர்ஜ் ஓவெல்லின் '1984'. க.நா.சு. தமிழில் தந்த நூல். பலர் படித்திருப்பீர்கள்; கதையைச் சொல்லி நேரத்தைப் போக்க வேண்டியதில்லை. ஓவெல் 1903 இல் பிஹாரில் பிறந்தவர், பர்மாவில் பொலிஸ் உத்தியோகம் பார்த்தவர். இந்த நாவலை ஸ்கொட்லாந்தின் ஜூரா தீவில், காசநோயுடன் இருந்து, 1948 டிசம்பரில் முடித்தார். அவர் கடைசிப் பக்கங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த வேளையில், 1948 நவம்பர் 15 ஆம் திகதி, இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் எதுவுமில்லை. எனினும் ஒரு காகிதத்தால் மனிதரை இல்லாமல் செய்யலாம் என்று அங்கே ஒருவர் எழுதிக்கொண்டிருக்க, இங்கே அது நடந்துகொண்டிருந்தது. 1947 தேர்தலில் வாக்களித்தவர்கள் 1952 தேர்தலில் வாக்காளர் இடாப்பில் இல்லை. செத்தும் போகவில்லை, ஊரை விட்டும் போகவில்லை. அதே மலையில் அதே கொழுந்தைத்தான் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பின்பு 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பிக்கலாம் என்றார்கள். திருமணமானவர் ஏழு வருடமும் ஆகாதவர் பத்து வருடமும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். என் தாத்தாவின் பெயர் ஒரு பதிவில் கறுப்பையா. இன்னொன்றில் கருப்பன். வேறொன்றில் கருப்பாயி, அது பெண் பெயர்! மூன்று பேரும் ஒரே ஆள் என்று காட்டுவதற்கு அவரிடம் இருந்தது அவருடைய முகம் மட்டுந்தான். அதை எந்தக் கந்தோரும் சான்றாக ஏற்கவில்லை. ஓவெல்லின் கதாநாயகன் பழைய பத்திரிகைகளைத் திருத்தி, இருந்தவர்களை இல்லாதவர்களாக்கும் வேலை பார்ப்பவன். அவன் தெரிந்துகொண்டு செய்தான். எங்கள் கதையில் யாரோ ஒரு கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதினார், அவ்வளவுதான். கெட்ட எண்ணம்கூடத் தேவைப்படவில்லை. இந்த இடத்தில் ஓவெல்லுடன் எனக்கு உடன்பாடில்லை. அவர் கொடுமைக்கு ஒரு மூளையைத் தேடுகிறார். பல சமயம் அங்கே ஒரு மை போத்தல்தான் இருக்கிறது.

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்கிட்டது. ஐந்தே கால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே. மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974 இல் அதையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரு மாயக் கதைக்காரர் இப்படி எழுதினால், மனிதரை இவ்வளவு முழு எண்ணாகப் பிரிப்பது நம்பும்படி இல்லை என்று நாமே குறை சொல்லுவோம். 2003 இல் வந்த சட்டத்தோடுதான் இங்கே எஞ்சியிருந்தோருக்கு அந்தக் கணக்கு முடிந்தது. தாத்தா அதற்கு முன்பே முடிந்துவிட்டார்.

தமிழில் இந்த வகைக்கு உதாரணம் கேட்டால் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைச் சொல்வேன். எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர், ஓர் இலக்கம், பிள்ளை பெற அரசாங்க அனுமதி, எல்லாவற்றுக்கும் மேல் ஜீவா என்ற தலைவர். மறுபடி படித்தபோது ஜீனோ என்ற இயந்திர நாய் முன்போலவே சிரிக்க வைத்தது. ஆனால் சுஜாதாவின் கெட்ட உலகம் மிகவும் துப்புரவாக இருக்கிறது. பசி தெரிவதில்லை. வாசகனைச் சங்கடப்படுத்தப் போகிறோம் என்று தோன்றும் இடத்தில் எல்லாம் ஒரு பகிடியைச் சொல்லிக் கடந்துவிடுகிறார். அதற்கு நேர்மாறாக, ஊவாவில் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் 'குடை நிழல்' எந்த மாயமும் இல்லாத நாவல். கொழும்பில் வாழும் ஒரு மலையகத் தமிழர் சந்தேகத்தின் பேரில் கைதாகிறார். வேற்றுக்கிரகம் வேண்டாம், எதிர்காலம் வேண்டாம். ஒரு கதவைத் தட்டினாலே போதும்.

அப்படியானால் மாயம் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கு அதைப் புரிய வைத்தவை நம் நாட்டவர் இருவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல்கள். ஷெஹான் கருணாதிலகவின் 'மாலி அல்மெய்தாவின் ஏழு நிலவுகள்' 2022 இல் புக்கர் பரிசு பெற்றது. 1990 இல் கொழும்பில் ஒரு புகைப்படக்காரர் செத்துப்போய்க் கண் விழிக்கிறார். மேலுலகம் ஒரு கந்தோர். படிவங்கள், கரும்பீடம், முடியாத வரிசை. அங்கே வெள்ளை உடையில் உதவிக்கு நிற்கும் தமிழ்ப் பேராசிரியை, 1989 இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ராஜினி திராணகமவை நினைவூட்டுகிறார். அந்த வருடங்களில் இந்த நாட்டில் காணாமற்போனவர்கள் வாய் திறந்து பேசுவதற்கு யதார்த்த நாவலில் இடமில்லை. உயிரோடிருப்பவர்தான் அவர்களைப் பற்றிப் பேசலாம். இங்கே அவர்களே வந்து, அதுவும் கெட்ட வார்த்தையில், பேசுகிறார்கள். ஆசிரியர் பகிடியைச் சற்றுக் குறைத்திருக்கலாம். ஆனால் அந்த வரிசையை நான் மறக்க மாட்டேன். அடையாள அட்டைக்காக நின்ற எவரும் மறக்க மாட்டார்கள்.

மற்றது வஜ்ர சந்திரசேகரவின் 2023 ஆம் ஆண்டு நாவல், 'ஒளிரும் கதவுகளின் புனிதர்' என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்காவின் நெபியூலா விருது பெற்றது. பிறந்தவுடன் தாய் ஆணியடித்து நிழலைப் பிடுங்கிவிட்டதால் நிலத்தில் கால் பாவாத ஒருவன். தகப்பனைக் கொல்லவே வளர்க்கப்பட்டவன். தகப்பனோ உலகம் போற்றும் ஒரு மகான். அந்த நகரத்தில் சாதியையும் இனத்தையும் நுணுக்கமாக வகுத்து வைத்திருக்கும் சட்டங்கள், ஒன்றையடுத்து ஒன்றாக நீளும் முகாம்கள், திறக்க முடியாத வண்ணக் கதவுகள். அந்தக் கதவுகளுக்கு மறுபுறமே கிடையாது. நாவலின் கடைசிப் பகுதி எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு முறை படித்தேன். முகாம் பகுதி மட்டும் ஒரே மூச்சில் போயிற்று. நிலத்தில் கால் பாவாதவன் என்றதும் நான் யாரை நினைத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. தாத்தாவின் நிலையைச் சொல்ல எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடைக்காத உருவம் அது.

இதனால்தான் எங்கள் எழுத்தாளரிடம் எனக்கு ஒரு மனக்குறை. மலையக நாவல் லயத்தையும் கவ்வாத்துக் கத்தியையும் அட்டைக்கடியையும் எழுதியது. எழுதத்தான் வேண்டும், சாட்சி சொல்ல வேறு ஆளில்லாத காலம் அது. ஆனால் அந்த லயத்தில் இருந்த சனம் யதார்த்தத்தை மட்டும் தின்று உயிர் வாழவில்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்த இயந்திரச் சில்லில் ஒரு தெய்வத்தைக் கண்டு ரோதைமுனி என்று பெயர் வைத்துப் படையல் போட்டார்கள். செடியை வெட்டுவதற்கு முன்பு கவ்வாத்துச் சாமியைக் கும்பிட்டார்கள். எரிந்து சாம்பலாகும் காமன் திரும்பி எழும்புவதை மாசி மாதத்தில் விடிய விடிய ஆடினார்கள். ஆவி பேசும் கந்தோரைக் கருணாதிலக கற்பனை செய்ய வேண்டியிருந்தது. எங்களிடம் ஆலைக்குள்ளேயே ஒரு முனி இருந்தார். அவரை எந்த நாவலிலாவது வாய் திறந்து பேசவைத்தோமா? செக்ரோல் புத்தகத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தார்?

சம்யாத்தினின் நாவலில் கடைசியில் அரசு ஒரு சத்திர சிகிச்சையைக் கட்டாயமாக்குகிறது. மூளையிலிருந்து கற்பனையை மட்டும் எடுத்துவிடுவது. அது முடிந்த பிறகு கதாநாயகன் தான் நேசித்த பெண் வதைக்கப்படுவதை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கணக்கு எல்லாம் சரியாக வருகிறது என்று அவனுக்குத் திருப்தி.

ஒரு நாள் அப்பாயியிடம் கேட்டேன், நீங்கள் எப்போதாவது தேயிலைத் தூரைத் தோண்டிப் பார்த்தீர்களா என்று. "பின்னே? வந்த முதல் நாளே தோண்டிப் பாத்துட்டாங்க எங்க மாமனாரு. கல்லுதான் கெடந்துச்சு" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நானுந்தான் பாத்தேன்" என்றார். அவர் இங்கேயே, லயத்தில் பிறந்தவர். தேங்காய் இல்லை என்று தெரிந்தேதான் தோண்டியிருக்கிறார்.