கணக்கு ஒப்படைத்தலும் கணக்குக் கேட்டலும்

(கடக்வாஸ்லாவில் கலை, பண்பாட்டு அமைப்புகளின் நிர்வாகிகளுக்காக நடைபெற்ற பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடக்வாஸ்லா என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருவன அணையும், தேசியப் பாதுகாப்பு அகாதெமியும், மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையமுமே ஆகும். 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்தது. அந்த வெள்ளத்தைத் தாங்க மாட்டாமல், 1879இல் கட்டி முடிக்கப்பட்ட இவ்வூர் அணையும் உடைந்தது. புணே நகரின் ஆற்றோரப் பேட்டைகள் நீரில் மூழ்கின. அணைகளை மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் சோதிக்க வேண்டும் என்பது 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் விதித்துள்ள கடமை. கசிவு தென்பட்ட பிறகு சோதிக்கலாம் என்று எந்தப் பொறியாளரும் காத்திருப்பதில்லை. கலை அமைப்புகளிலோ, புகார் எழுந்த பிறகுதான் பெரும்பாலும் கணக்குப் புத்தகம் திறக்கப்படுகிறது.

இங்கே கூடியிருப்பவர்களில் நாடகக் குழு நடத்துவோர் உண்டு. சங்கீத சபை, பஜனை மண்டலி, வாசகசாலை, மொழிச் சங்கம் நடத்துவோரும் உண்டு. எவரும் இலாபத்துக்காக இதில் இறங்கியவர்கள் அல்லர். "நம்மிடம் இருப்பதே சில ஆயிரம் ரூபாய், இதற்குத் தணிக்கை எதற்கு?" என்று கேட்பவர்களும் உங்களிடையே இருக்கக் கூடும். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சில ஆயிரமும் உங்களுடையதன்று. ஊராரிடம் ரசீது கொடுத்துப் பெற்ற பணம் அது.

மகாராஷ்டிர மாநிலத்தில் இயங்கும் உங்களுக்கு, தமிழ்நாட்டில் உள்ள இத்தகைய சங்கங்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. (வசதி என்று நான் சொல்வதைச் சிலர் தொல்லை என்பர்.) தமிழ்நாட்டில் ஒரு சபா, 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொண்டு, ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளருக்குக் கணக்கு அனுப்பினால் போதும். இங்கோ 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவான அமைப்பும்கூட, அறப்பணிக்காக அமைந்ததாயின், 1950ஆம் ஆண்டின் பம்பாய்ப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் கீழும் பதிவு பெற வேண்டும். சாரிட்டி கமிஷனர் என்ற அதிகாரியின் மேற்பார்வை அதன்மீது உண்டு. சட்டத்தின் பெயர் இப்பொழுது மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டம் என மாறியுள்ளது.

இச்சட்டத்தின் கீழ் 1951இல் இயற்றப்பட்ட விதிகளில் 19ஆம் விதி, தணிக்கையாளர் தமது அறிக்கையில் எவற்றுக்கு விடை எழுத வேண்டும் என்று கூறுகிறது. ஓர் அமைப்பை மதிப்பிட விரும்புவோருக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டியை நான் கண்டதில்லை. வரவு செலவு முறையாக எழுதப்பட்டுள்ளதா, கையிருப்பும் பற்றுச்சீட்டுகளும் உரியவரிடம் உள்ளனவா என்ற வழக்கமான வினாக்களோடு அது நின்றுவிடவில்லை. பழுதுபார்த்தலுக்கோ கட்டடத்துக்கோ 5,000 ரூபாய்க்கு மேல் செலவாயின் ஒப்பந்தப் புள்ளி கோரப்பட்டதா? அறங்காவலர் எவரேனும் அமைப்புக்குக் கடன்பட்டவரா, அல்லது கடன் கொடுத்தவரா? அமைப்பின் முதலீட்டில் அவருக்குச் சொந்த நலன் உண்டா? அறங்காவலர் எண்ணிக்கை விதிப்படி உள்ளதா? கூட்டங்கள் ஒழுங்காக நடைபெறுகின்றனவா? நடவடிக்கைக் குறிப்பேடு உள்ளதா? சென்ற ஆண்டுத் தணிக்கையில் சுட்டிக்காட்டிய குறைகள் இவ்வாண்டில் திருத்தப்பட்டனவா?

இவற்றில் பாதிக்கு மேற்பட்டவை கணக்கைப் பற்றியவை அல்ல என்பதைக் கவனியுங்கள்; நிர்வாகத்தைப் பற்றியவை. கூட்டம் கூடாத இடத்தில் கணக்கு சரியாக இருந்தாலும் அது ஒருவரது மனச்சாட்சியினால் சரியாக இருப்பதேயன்றி முறையினால் அன்று என்பதை இவ்விதியை எழுதியவர்கள் உணர்ந்திருந்தனர். நடைமுறையிலோ அவ்வறிக்கையின் வினாக்களுக்கு எதிரே 'ஆம்', 'இல்லை', 'பொருந்தாது' என்ற மூன்று சொற்களே ஆண்டுதோறும் தட்டச்சாகி வருவது வழக்கமாகிவிட்டது. குறிப்பாகச் சென்ற ஆண்டின் குறைகளைப் பற்றிய வினாவுக்கு 'பொருந்தாது' என்ற விடையைக் கண்டால், முந்தைய ஆண்டின் அறிக்கையை வாங்கிப் பார்ப்பது மதிப்பீட்டாளரின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

அதே விதிகளின் 9ஆம் அட்டவணை, வரவு செலவுக் கணக்கின் படிவம். அறக்கட்டளையின் நோக்கங்களுக்கான செலவு அதில் சமயம், கல்வி, மருத்துவ உதவி, வறுமை நிவாரணம், பிற அறப்பணிகள் எனப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கலைக்கென்று தனி வரி இல்லை. எனவே ஒரு நாடகக் குழு ஆண்டு முழுவதும் செய்த செலவு அனைத்தும் 'பிற அறப்பணிகள்' என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடும். கலைஞர் சன்மானமும், மண்டப வாடகையும், சிறப்பு விருந்தினரின் விமானக் கட்டணமும், பொன்னாடையும் ஒரே தொகையாகிவிடும். சட்டத்தின் பார்வையில் இதில் குற்றமில்லை. ஆயினும் சந்தா செலுத்திய உறுப்பினருக்கு இதனால் ஒன்றும் விளங்காது. படிவம் கேட்காவிட்டாலும், எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு, அதில் கலைஞர் கைக்குச் சென்றது எவ்வளவு என்று ஓர் இணைப்புத் தாளில் காட்டலாம். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

குறித்த நோக்கத்துக்காக வந்த பணம்

புணேயிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1917இல் நிறுவப்பெற்ற பண்டார்கர் கீழைக்கலை ஆராய்ச்சி நிறுவனம், 1919இல் மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பை வெளியிடும் பணியைத் தொடங்கியது. ஒளந்து சமஸ்தானத்து மன்னர் அதற்காக ஒரு லட்ச ரூபாய் அளிக்க முன்வந்தார். பின்னர் ஐதராபாத் நிஜாமின் அரசு இரண்டு விதமாக உதவியது. மகாபாரத வெளியீட்டுக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் வீதம் 11 ஆண்டுகளுக்கு என்பது ஒன்று. விருந்தினர் விடுதி கட்ட 50,000 ரூபாய் என்பது மற்றொன்று. கொடுத்தவர் ஒருவரே; நோக்கங்களோ இரண்டு. விடுதிக் கட்டடத்துக்குப் பணம் போதவில்லை என்று பதிப்புப் பணத்தை எடுத்துச் செலவிட நிறுவனத்துக்கு உரிமையில்லை. பிறகு திருப்பி வைத்துவிடுவோம் என்பதும் ஏற்கத்தக்க விடையன்று. நம் சிறிய அமைப்புகளில் மிகுதியாக நடக்கும் தவறு இதுவே. மிருதங்கம் வாங்க வந்த நன்கொடை ஆண்டுவிழாவின் பந்தல் செலவுக்குப் போய்விடுகிறது. எவரும் திருடவில்லை, ஆனால் மிருதங்கமும் வரவில்லை. ஒவ்வொரு நோக்கத்துக்கும் தனித் தலைப்பில் கணக்கு எழுதுவதும், ஆண்டு முடிவில் எஞ்சிய தொகையை அதே தலைப்பில் அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லுவதும் இதற்குப் போதிய காப்பு.

அரசு மானியத்தில் இந்த ஒழுங்கு கட்டாயமாகிறது. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி, மானியம் பெற்ற நிறுவனம் நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்க வேண்டும். பணம் செலவாயிற்று என்பது மட்டுமன்று, எந்த நோக்கத்துக்காக அளிக்கப்பட்டதோ அந்நோக்கத்துக்கே செலவாயிற்று என்பதற்கும் சான்று தருவது அதன் கருத்து. தனியார் நன்கொடையாளருக்கும் இதே போன்ற ஒரு தாளை அனுப்பிப் பாருங்கள். மறு ஆண்டு அவரிடம் போவது எளிதாக இருக்கும்.

மகாபாரதப் பதிப்பிலிருந்து இன்னொன்றையும் நாம் கற்கலாம். 1919இல் தொடங்கிய பணியில் ஆதிபருவத்தின் முதல் பகுதி அச்சேறியது 1927இல். முழுப் பணியும் நிறைவுற்றது 1966இல். 1,259 சுவடிகள் ஒப்புநோக்கப்பட்டன. ஐந்தாம் ஆண்டில் ஒரு மதிப்பீட்டாளர் வந்து, செலவுக்கு எத்தனைப் புத்தகம் என்று வகுத்துப் பார்த்திருந்தால், திட்டத்தை மூடிவிடப் பரிந்துரைத்திருப்பார். பண்பாட்டுப் பணியின் பயன் மெதுவாகவே வெளிப்படும். அதனால் இத்தகைய பணிகளைப் பண அளவால் மட்டும் எடைபோடுதல் பொருந்தாது. இதையே காரணம் காட்டிக் கணக்கிலிருந்து தப்ப முயல்வோரும் உளர். அவர்களிடம், பணி எந்தக் கட்டத்தில் உள்ளது என்று ஆண்டுதோறும் எழுத்தில் கேட்க வேண்டும். எத்தனைச் சுவடிகள் ஒப்பிடப்பட்டன, எத்தனை மாணவர் எந்த நிலை வரை கற்றனர் என்பனவும் கணக்குத்தான்.

நிர்வாகச் செலவின் விகிதத்தைக் கொண்டு அமைப்புகளைத் தரம் பிரிக்கும் வழக்கமும் இன்று பரவியுள்ளது. 2020இல் அந்நிய நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டபோது, அத்தகைய நன்கொடையில் நிர்வாகத்துக்குச் செலவிடக் கூடிய வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கலை அமைப்பில் நட்டுவனாரின் சம்பளம் நிர்வாகச் செலவா, பணியா? என் கருத்தில் அதுவே பணி. ஒரு நடனப் பள்ளியின் ஆசிரியர் ஊதியத்தை மேல்செலவாக எண்ணும் மதிப்பீடு, மருத்துவமனையில் மருத்துவரை மேல்செலவாக எண்ணுவதற்கு ஒப்பாகும். ஆயினும் தலைவரின் மகனுக்கு 'ஒருங்கிணைப்பாளர்' என்ற பெயரில் தரும் ஊதியம் பணியாகாது. எனவே விகிதத்தைப் பார்க்கும் முன் ஊதியப் பட்டியலில் உள்ள பெயர்களையும் அவர்கள் செய்யும் வேலையையும் பார்க்க வேண்டும்.

யார் கேட்பது?

இதுவரை கூறியவை யாவும் கேட்பவர் ஒருவர் இருந்தால்தான் பயன் தரும். 1954இல் தொடங்கப்பெற்ற லலித் கலா அகாதெமியின் வரலாறு இதைத் தெளிவாக்குகிறது. சங்கமாகப் பதிவான தன்னாட்சி நிறுவனம் அது. நிதியோ மத்திய அரசினுடையது. அகாதெமிகளின் செயற்பாட்டை ஆராய 1970இல் நீதிபதி கோஸ்லா தலைமையில் ஒரு குழு அமைந்து, 1972இல் அறிக்கை தந்தது. 1988இல் ஹக்சர் குழு அமைந்து 1990இல் அறிக்கை தந்தது. 2014இல் அபிஜித் சென்குப்தா தலைமையிலான உயர்நிலைக் குழு மீண்டும் ஆராய்ந்தது. 2015 ஏப்ரலில் கலாசார அமைச்சகம் லலித் கலா அகாதெமியின் நிர்வாகத்தைத் தானே ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. குழுக்களின் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. வெளியிலிருந்து வரும் குழு அறிக்கை தந்துவிட்டுப் போய்விடும். அடுத்த கூட்டத்தில் அதை எடுத்து வைத்து 'இது என்னவாயிற்று?' என்று கேட்க வேண்டியவர் உள்ளேதான் இருக்க வேண்டும். நிர்வாகத்தை அரசு ஏற்பது சில வேளை தவிர்க்க இயலாதது. ஆனால் அதனால் அத்தகைய உறுப்பினர்கள் உருவாகிவிடுவதில்லை.

தமிழ்நாட்டில் கலாக்ஷேத்திராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய நிறுவனம் அது. 1986இல் அவர் மறைந்த பின்னர் நிர்வாகத்தில் பிணக்குகள் எழுந்தன. ஆற்றல் மிக்க ஒருவரைச் சுற்றி வளர்ந்த நிறுவனம் எதிலும், அவருக்குப் பின் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழவே செய்யும். முடிவில் நாடாளுமன்றம் 1993ஆம் ஆண்டின் கலாக்ஷேத்திரா அறக்கட்டளைச் சட்டத்தை இயற்றி, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அதனை அறிவித்தது. ஆட்சிக்குழு, கல்விக்குழு, நிதிக்குழு ஆகியன சட்டப்படி அமைந்தன. கணக்குத் தணிக்கை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. கணக்குக்கு இதைவிட உயர்ந்த ஏற்பாடு நாட்டில் இல்லை. அவ்வாறிருந்தும் 2023இல் மாணவியர் பாலியல் தொல்லை பற்றிப் புகார் கூறித் திரண்டு போராடிய பிறகே, ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பணத்துக்கான தணிக்கை மிகச் சிறப்பாக அமைந்த ஓர் இடத்திலும், மாணவியரின் குரல் ஆட்சிக்குழுவின் செவிக்கு எட்டுவதற்கு வழி தனியே அமைக்கப்பட வேண்டும் என்பதை இது காட்டுகிறது. ஓர் அமைப்பை மதிப்பிடச் செல்பவர் பேரேட்டோடு புகார்ப் பதிவேட்டையும் கேட்க வேண்டும்.

இப்பகுதிக்கு உரிய ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். புணே நகரம் சிம்ஹகட் சாலை வழியாக இவ்வூரை நோக்கி வளர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் எவரோ ஒரு பெரியவர் ஒத்திகைக்கென்று அளித்த மனைதான் இன்று பல அமைப்புகளின் மிகப்பெரிய சொத்தாக இருக்கும். கணக்கிலோ அது பழைய விலையில் ஒரு சிறு தொகையாக நிற்கும். சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்தை விற்கவோ, மாற்றிக்கொள்ளவோ, தானமாக அளிக்கவோ, கட்டடத்தை மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடவோ சாரிட்டி கமிஷனரின் முன் அனுமதி வேண்டும். அறங்காவலர் மாறினால் 22ஆம் பிரிவின்படி 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மறைந்துபோன அறங்காவலர்களின் பெயர்களே பதிவேட்டில் ஆண்டுக்கணக்கில் நிற்குமாயின், ஒருநாள் அந்த மனைக்கு உரிமை கொண்டாடி வருபவர் முன் நிற்கச் சட்டப்படியான ஆள் இருக்க மாட்டார். உங்கள் அமைப்பின் பதிவேட்டில் இன்று எவருடைய பெயர்கள் உள்ளன என்று ஊர் திரும்பியதும் பாருங்கள்.

சிறிய அமைப்புக்கு இதற்கெல்லாம் ஆள் ஏது என்று கேட்பீர்கள். காசோலையில் இருவர் கையெழுத்திடுவதும், அவ்விருவரும் ஒரே குடும்பத்தினராக இல்லாதிருப்பதும் செலவில்லாத ஏற்பாடுகள். கணக்கு எழுதுபவரும் பணம் வைத்திருப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருத்தலும் அவ்வாறே. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தணிக்கை அறிக்கையை 'வாசித்ததாகக் கொள்ளப்படுகிறது' என்று தள்ளிவிடாமல், உறுப்பினர் பேசும் மொழியில், மராத்தியிலோ தமிழிலோ, உரக்க வாசிக்கச் செய்யுங்கள். 19ஆம் விதியின் விடைகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அரை மணி நேரம் பிடிக்கும். அன்றைய கச்சேரியைச் சற்றுத் தாமதமாகத் தொடங்கலாம்.