முப்பது நாட்களுக்குள் ஒரு கண் பரிசோதனை

(கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் அல்ல. பௌதிகம் படித்து, அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவன். தாத்தாவாகக் கற்ற பாடம் ஒன்றைச் சொல்கிறேன்.

என் பேத்தி 30ஆவது வாரத்திலேயே பிறந்தாள். எடை 1,300 கிராம். 24ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பியபோது, "ஒரு மாதத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை" என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். நான்தான் தடுத்தேன். "கண் நன்றாகத்தானே இருக்கிறது! இரண்டு மாதம் ஆகட்டும், சற்றுத் தேறட்டும்" என்றேன். மாட்டுப்பெண் கேட்கவில்லை; 28ஆம் நாள் அழைத்துப் போய்விட்டாள்.

விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கர்ப்பத்தின் 16ஆவது வாரம் வாக்கில் வளரத் தொடங்கி, பிரசவ காலம் நெருங்கும்போதுதான் விளிம்பை எட்டுகின்றன. முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதியில் நிற்கும். பிறகு தாறுமாறான புதுக் குழாய்கள் கிளம்பி, தழும்பாகி, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடலாம். 'ஆர்.ஓ.பி.' என்ற இந்த நோயை 1942இல் அமெரிக்காவில் டாக்டர் டெர்ரி முதலில் விவரித்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முதல் பரிசோதனையில், "குழாய்கள் இன்னும் வளரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்றார்கள். ஆறாவது வாரம், "இரண்டு நாளுக்குள் லேசர் செய்ய வேண்டும்" என்றார்கள். குழாய் எட்டாத விளிம்புப் பகுதியை லேசரால் சுட்டு, கோளாறான வளர்ச்சியை அடக்கினார்கள். சில குழந்தைகளுக்குக் கண்ணுக்குள் ஊசி மருந்தும் போடுகிறார்கள்.

இந்தக் கட்டம் தாண்டினால் 'விட்ரெக்டமி' அறுவைச் சிகிச்சைதான். நுண்ணிய கருவிகளைக் கண்ணுக்குள் செலுத்தி, கூழ் போன்ற திரவத்தையும் இழுக்கும் தழும்பையும் அகற்றுவார்கள். விழித்திரை ஓரளவே பிரிந்திருந்தால் பலன் கிடைக்க வாய்ப்புண்டு. முழுதும் பிரிந்துவிட்டால், பெரும்பாலும் வெளிச்சமும் நிழலுமே மிஞ்சும்.

பேத்தி இப்போது நான்காம் வகுப்பு. கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறாள். என் பேச்சைக் கேட்டிருந்தால்? நினைக்கவே நடுங்குகிறது.

34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாட்களுக்குள் இந்தப் பரிசோதனை அவசியம். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு, மூன்று வாரத்திலேயே தேவை. டாக்டர் "போதும்" என்று சொல்லும் வரை தொடர்ந்து போக வேண்டும். நாமகரணத்துக்கு நாள் பார்க்கும் பாட்டி தாத்தாக்களே, அதே காலண்டரில் இந்தத் தேதியையும் குறித்து வையுங்கள்.